வெளிநாட்டில் வாடகை வீடு: எந்த வழியாகப் போவது?

கோடை விடுமுறைக்கு ஹோட்டல் அறை போடாமல், வெளிநாட்டில் முழு வீட்டையே வாடகைக்குப் பேசியிருக்கும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த வாரம் பதில்.

மே மாதம் நுவரெலியாவில் 5 நாளைக்கு வீடு பேசியிருக்கிறோம். மாமியார், இரண்டு குழந்தைகள் சேர்த்து 7 பேர். மதுரை–கொழும்பு டிக்கெட்டைவிட சென்னை–கொழும்பு தலைக்கு 3,000 ரூபாய் குறைவாக இருக்கிறது. ரயிலில் சென்னை போய் ஏறிக்கொள்ளலாம் என்கிறார் என் கணவர். சரிவருமா?
– வாசகி, திருமங்கலம்

7 பேருக்கு 21,000 ரூபாய் மிச்சம் என்று தோன்றும். அதில் போக வர ரயில் டிக்கெட், சென்னையில் சாப்பாடு, ஆட்டோ, முடிந்தால் ஒரு வேளை தங்க அறை என்று கழித்துப் பாருங்கள். சென்னையில் மலிவாகக் காட்டும் டிக்கெட்டில் பெட்டிக்குத் தனிக் காசா என்பதையும் கவனியுங்கள். பெரும்பாலும் மிச்சம் அங்கேயே கரைந்துவிடும். உங்களுக்கோ கப்பலூர் தாண்டி ரிங் ரோட்டைப் பிடித்தால் பெருங்குடியில் உள்ள மதுரை விமான நிலையம் பக்கம்தான். பறக்கும் நேரமும் ஒரு மணி நேரத்தை ஒட்டித்தான்.

ஆனால் உங்கள் பயணத்தைத் தீர்மானிப்பது டிக்கெட் விலை அல்ல, கொழும்பு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்கவில் இறங்கும் நேரம். அங்கிருந்து நுவரெலியா சுமார் 170 கிலோமீட்டர். கேட்கக் குறைவாகத் தோன்றினாலும் வேனில் 5 முதல் 6 மணி நேரம் பிடிக்கும். குடியுரிமைச் சோதனை, பெட்டி எடுப்பது, சிம் கார்டு வாங்குவது என்று இன்னும் ஒன்றரை மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள். நண்பகலுக்கு முன் இறங்கினால் நேரே மலையேறலாம். மதியம் 2 மணிக்கு மேல் என்றால் வேண்டாம். ரம்பொடை வளைவுகளை இருட்டிலும் பனிமூட்டத்திலும் கடக்க வேண்டியிருக்கும். சாவி வைத்திருக்கும் கேர்டேக்கரும் இரவு 9 மணி வரை காத்திருக்க மாட்டார். அப்படியானால் முதல் இரவு நீர்கொழும்பிலோ கண்டியிலோ தங்கிவிட்டு, வீட்டை மறுநாளிலிருந்து பேசுங்கள்.

வேன் பேசும்போது ‘கே.டி.எச்.’ என்று கேளுங்கள். இலங்கையில் டொயோட்டா ஹையேஸுக்கு அதுதான் பெயர். இருக்கைக் கணக்கை நம்பாதீர்கள். 7 பேரும் 7 பெட்டியும் என்று சொல்லியே பேசுங்கள். எக்ஸ்பிரஸ்வே கட்டணம், பார்க்கிங், டிரைவரின் இரவுத் தங்கல் யார் பொறுப்பு என்பதை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். நாமே ஓட்டிவிடலாம் என்று நினைத்தால், நம் ஊர் லைசென்ஸ் மட்டும் அங்கே செல்லாது; உள்ளூர் அனுமதி தனியாக எடுக்க வேண்டும்.

மலை ரயில் ஆசை இருந்தால் ஒன்று. நுவரெலியாவுக்குள் ஸ்டேஷன் கிடையாது. நானுஓயாவில் இறங்கி 8 கிலோமீட்டர் போக வேண்டும். பெரிய பெட்டி வைக்க இடம் குறைவு. மாமியாரோடும் சாமானோடும் ஏறுவதைவிட, வீட்டில் இறங்கியபின் ஒருநாள் கைவீச்சாக ‘எல்ல’ என்ற ஊர் வரை போய்வருவது மேல். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் அந்தப் பாதையை நிறைய இடத்தில் சிதைத்தது. எந்த ஸ்டேஷன் வரை வண்டி ஓடுகிறது என்று பார்த்துவிட்டே டிக்கெட் எடுங்கள். தேதி குறிக்கும்போது வெசாக் பௌர்ணமியை (புத்த பூர்ணிமா) தவிருங்கள். அந்த இரண்டு மூன்று நாள் ரோடு நகராது.

யாழ்ப்பாணத்தில் ஒரு வாரத்துக்கு வீடு. நாகப்பட்டினம் கப்பலில் போனால் செலவு குறையுமா?
– வாசகர், மேலூர்

யாழ்ப்பாணத்துக்கு என்றால் கப்பல் நல்ல யோசனைதான். காங்கேசன்துறையில் இறங்கினால் யாழ்ப்பாண நகரம் 20 கிலோமீட்டருக்குள். கடலில் ஏறத்தாழ 4 மணி நேரம். மேலூரிலிருந்து நாகைக்கு 5 மணி நேரமாவது ஆகும் என்பதால் முதல்நாளே போய்த் தங்குவதுதான் சரி. இதே கப்பலில் போய்க் கண்டியிலோ நுவரெலியாவிலோ வீடு எடுப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அவர்களுக்குக் கரையேறிய பிறகு ஒரு முழுநாள் ரோட்டிலேயே போய்விடும்.

கப்பலின் பலவீனம் வானிலை. 2023 அக்டோபரில் தொடங்கிய சில நாளிலேயே நின்றது. 2024 ஆகஸ்டில் மறுபடி வந்து, வடகிழக்குப் பருவமழையில் திரும்பவும் நின்று, 2025 பிப்ரவரியில்தான் ஓடியது. ஐப்பசி, கார்த்திகையில் இதை நம்பி வீட்டுக்கு முன்பணம் கட்டாதீர்கள். மற்ற மாதங்களிலும் காற்று பலமானால் பயணம் தள்ளிப்போகும். ஆகவே கடைசி நேரத்தில் ரத்து செய்தாலும் பணம் திரும்பும் வீடாகப் பாருங்கள்; திரும்பி வந்ததும் ஆபீஸ் என்றால் நடுவில் ஒருநாள் காலியாக விடுங்கள். இலவச சாமான் அளவு விமானத்தைவிடக் குறைவு, கூடுதல் கிலோவுக்குக் காசு. கிளம்பிய முதல் ஒரு மணி நேரம் வயிற்றைக் கலக்கும். இட்லியோடு நிறுத்திக்கொண்டு, வாந்தி மாத்திரையை அரை மணி முன்னதாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

ராமேஸ்வரத்திலிருந்து கப்பல் கிடையாதா? தாத்தா காலத்தில் போனார்களே?
– வாசகர், பரமக்குடி

போனார்கள். 1914 முதல் தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மறுபடி ரயில் என்று ஒரே டிக்கெட்டில் கொழும்பு சேரலாம். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி போனது. அதன்பின் ராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980-களில் இலங்கைப் போரோடு நின்றது. இப்போது நாகைதான்.

சிங்கப்பூரில் ஒரு வாரத்துக்கு அடுக்குமாடி வீடு ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. மதுரையிலிருந்து போவதா, திருச்சியிலிருந்தா?
– வாசகி, மதுரை அண்ணா நகர்

வழி பார்ப்பதற்கு முன் அந்த வீட்டை விட்டுவிடுங்கள். சிங்கப்பூரில் தனியார் குடியிருப்பை 3 மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடுவது சட்டவிரோதம்; எச்.டி.பி. எனும் அரசு குடியிருப்பு வீடு என்றால் 6 மாதம். ‘கேட்டால் சொந்தக்காரர் என்று சொல்லுங்கள்’ என்று யாராவது சொன்னால் சந்தேகமே வேண்டாம். ஹோட்டல் அல்லது உரிமம் பெற்ற சர்வீஸ் அபார்ட்மென்ட் பாருங்கள். அதன்பின் திருச்சி; நேரடி விமானம் வாடிக்கையாக இருப்பது அங்கேதான்.

பினாங்கு ஜார்ஜ்டவுனில் வீடு எடுத்திருக்கிறோம். திருச்சியிலிருந்து கோலாலம்பூர் போய் அங்கிருந்து உள்நாட்டு விமானமா, ரயிலா?
– வாசகர், திண்டுக்கல்

விடிகாலை இறங்குகிறீர்கள் என்றால் ரயில். உள்நாட்டு விமானத்தில் காலை 10 மணிக்கே பினாங்கு போனால், மதியம் 3 மணிக்குத் திறக்கும் வீட்டு வாசலில் பெட்டியோடு உட்கார வேண்டியதுதான். கே.எல். சென்ட்ரல் போய் இ.டி.எஸ். ரயில் ஏறினால் 4 மணி நேரத்தில் பட்டர்வொர்த். ஸ்டேஷனை ஒட்டியே படகுத்துறை; கால்மணி நேரத்தில் ஜார்ஜ்டவுன். விடுமுறை நாட்களில் இ.டி.எஸ். சீக்கிரம் நிரம்பும் என்பதால் முன்பே எடுத்துவிடுங்கள்.

மாலையில் இறங்கினால் விமானம். இரண்டையும் தனித்தனி டிக்கெட்டாக எடுத்தால் கோலாலம்பூரில் பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டும். 4 மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். நம்மவர்களுக்கு 30 நாள் விசா விலக்கு 2026 முடியும் வரை உண்டு. ஆனாலும் வருகைக்கு முந்தைய 3 நாளுக்குள் டிஜிட்டல் வருகை அட்டையை நிரப்பியாக வேண்டும். அது இலவசம்; காசு கேட்கும் தளம் போலி.

வாடகை வீட்டில் சமைத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறோம். எதை எந்தப் பெட்டியில் வைப்பது?
– வாசகி, உசிலம்பட்டி

மிளகாய்ப்பொடி, இட்லிப்பொடி, ஊறுகாய், நெய் எல்லாம் கவுன்டரில் ஒப்படைக்கும் செக்-இன் பெட்டியில். கைப்பையில் வைத்தால் சோதனையில் எடுத்துவிடுவார்கள். ஊறுகாய் பாட்டிலை டேப் சுற்றி இரண்டு ஜிப் கவரில் போடுங்கள். கொப்பரைத் தேங்காய் பெட்டியில் வைக்கக் கூடாது. எண்ணெய்ப்பசையால் தீப்பற்றும் பொருள் என்று தடை. பச்சைக் கறிவேப்பிலை, பழம், விதை எதுவும் வேண்டாம். பவர் பேங்க் மட்டும் கைப்பையில்.

மிக்ஸியைத் தூக்கும் முன் வீட்டுக்காரரிடம் சமையலறை போட்டோ கேளுங்கள். மலேசியாவில் பிளக் மூன்று தட்டைக் கம்பி. இலங்கையில் புதிய வீடுகளிலும் அதுதான். அடாப்டர் ஒன்று எடுத்துப் போங்கள். கேஸ் லைட்டர் எந்தப் பெட்டியிலும் கூடாது. அங்கே இறங்கி ஒரு தீப்பெட்டி வாங்கிக்கொள்ளுங்கள்.