வேலைக்குப் போவதால் பிள்ளையின் பாசம் போய்விடுமா?

கேள்வி: எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக் கடையில் சேல்ஸ் வேலை பார்க்கிறேன். காலை 9.30க்குக் கிளம்பினால் வீடு திரும்ப இரவு 8.30 ஆகிவிடும். ஒரு வருடம் ஏழு மாதமான என் மகனை மாமியார்தான் பார்த்துக்கொள்கிறார்; அவனுக்கு அவர் ஆயா. காலையில் புடவையைப் பிடித்துக்கொண்டு அலறுவான் என்பதால், ஆயா அவனை மாடிக்குத் தூக்கிப் போனதும் நான் நைசாகக் கிளம்பிவிடுவேன். இரண்டு மாதமாக இப்படித்தான். இப்போது நான் பாத்ரூம் போனால்கூடக் கதவைத் தட்டி அழுகிறான். ராத்திரி வந்து கூப்பிட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஆயா மடியில் ஏறிவிடுகிறான். என் மேல் இருந்த பாசம் போய்விட்டதா? வேலையை விட்டுவிடட்டுமா?
- பெயர் வேண்டாம், தண்டையார்பேட்டை

பதில்: பாசம் எங்கேயும் போகவில்லை, அம்மா. நிறுத்த வேண்டியது வேலையை அல்ல, சொல்லாமல் கிளம்புவதை.

பிரிவுக்கு அழுவது ஏழெட்டு மாதத்தில் தொடங்கி, 10 முதல் 18 மாதம் வரை உச்சத்தில் இருக்கும். கண்ணில் படாவிட்டாலும் அம்மா எங்கேயோ இருக்கிறாள் என்று உங்கள் மகனுக்குத் தெரியும். எப்போது வருவாள் என்று கணக்குப் போடத்தான் தெரியாது. சொல்லிவிட்டுப் போனால் அந்த நேரத்துக்கு அழுது அடங்குவான். சொல்லாமல் மறைந்தால், அம்மா எந்த நிமிஷமும் காணாமல் போகலாம் என்று கற்றுக்கொள்கிறான். அப்புறம் கண்காணிக்கத் தொடங்குவான். பாத்ரூம் கதவைத் தட்டுவது அதனால்தான்.

முகம் திருப்புவதைப் பற்றி. 1960களில் அமெரிக்காவின் பால்டிமோரில் மேரி எய்ன்ஸ்வொர்த் என்ற உளவியலாளர் ஒரு வயதுக் குழந்தைகளை அம்மாவோடு ஓர் அறையில் வைத்து, சுமார் 20 நிமிடத்துக்குள் அம்மாவை இரண்டு முறை வெளியே அனுப்பித் திரும்ப வரச் செய்தார். போகும்போது எவ்வளவு அழுகிறது என்பதைவிட, அம்மா திரும்பி வந்ததும் குழந்தை என்ன செய்கிறது என்பதையே முக்கியமாகப் பார்த்தார். சில குழந்தைகள் கண்டுகொள்ளாததுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டன. பிறகு 1977இல் ஸ்ரூஃப், வாட்டர்ஸ் என்ற இருவர் அத்தகைய குழந்தைகளின் இதயத் துடிப்பை அளந்தபோது, வெளியே அமைதியாக இருந்தாலும் உள்ளே துடிப்பு கூடியிருந்தது தெரிந்தது. முகம் திருப்புவது அலட்சியம் அல்ல. ஆனால் இதைப் படித்துவிட்டு, பயிற்சி பெற்றவர்கள் செய்ய வேண்டிய அந்தச் சோதனையை வீட்டில் நடத்தி அவனுக்கு முத்திரை குத்திவிடாதீர்கள். பதினோரு மணி நேரம் கழித்து, தூக்கக் கலக்கத்தில் இருக்கும் பிள்ளை அவன்.

ஆயாவிடம் ஒட்டுவதால் உங்கள் பங்கு குறையாது. கிளாஸ்கோவில் 60 குழந்தைகளைப் பார்த்து ஷாஃபரும் எமர்சனும் 1964இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்றரை வயதில் பெரும்பாலான குழந்தைகள் ஒருவருக்கு மேற்பட்டவர்களிடம் ஒட்டியிருந்தன.

நாளைக் காலையிலிருந்து இப்படிச் செய்யுங்கள். புடவை, சாப்பாட்டு டப்பா, பை எல்லாம் 9.15க்குள் தயாராகிவிட வேண்டும். மீதி நேரம் தரையில் உட்கார்ந்து அவனோடு இருங்கள். கிளம்பும்போது அவனுக்குப் புரிகிற கணக்கில் சொல்லுங்கள்: "அம்மா கடைக்குப் போறேன். நீ மம்மு சாப்பிட்டு, தூங்கி எழுந்து, விளையாடி முடிச்சதும், ராத்திரி மம்மு ஊட்ட வந்துடுவேன்." தினமும் இதே வார்த்தை, ஒரு முத்தம், ஒரு டாட்டா. ஒரு நிமிஷத்துக்கு மேல் நீட்டாதீர்கள். அழுகிறானே என்று தெருமுனையிலிருந்து திரும்பி வந்தால், இன்னும் உரக்க அழுதால் அம்மா வருவாள் என்றாகிவிடும். முதல் வாரம் அழுகை கூடத்தான் செய்யும், இரண்டு மாதப் பயம் அது. அதைப் பார்த்துப் பழைய வழிக்குப் போய்விடாதீர்கள். இரண்டு மூன்று வாரமாவது விடாமல் செய்தால்தான் பலன் தெரியும்.

ஆயாவிடம் இரண்டே விஷயம் கேளுங்கள். அழும்போது "அதோ காக்கா பாரு" என்று உடனே திசை திருப்பாமல், "அம்மா போனது கஷ்டமா இருக்கா? ராத்திரி வந்துடுவா" என்று சொல்லித் தூக்கிக்கொள்ளட்டும். "சேட்டை பண்ணினா அம்மா வரமாட்டா" என்று விளையாட்டுக்கும் சொல்ல வேண்டாம். இந்த வயதில் அவனுக்கு அது அப்படியே உண்மையாகத் தோன்றும்.

ராத்திரி உள்ளே நுழைந்ததும் கையை நீட்டி இழுக்காதீர்கள். ஆயா மடியிலேயே இருக்கட்டும். கைகால் கழுவி, போனைப் பைக்குள் வைத்துவிட்டு, பக்கத்தில் தரையில் உட்காருங்கள். பேசாமல் ஒரு பொம்மையை எடுத்து உருட்டினால்கூடப் போதும். அஞ்சு பத்து நிமிஷத்தில் அவனே வருவான், வந்து அடித்தாலும் அடிப்பான். "அம்மா மேல கோவமா?" என்று கேட்டு அணைத்துக்கொள்ளுங்கள். பாத்திரம் துலக்குவது அரை மணி தள்ளிப் போகட்டும். சோறு ஊட்டித் தூங்க வைப்பது மட்டும் தினமும் உங்கள் கையாலேயே நடக்கட்டும்.

1991இல் அமெரிக்காவில் தொடங்கி 1,300க்கும் மேற்பட்ட குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வில், அம்மா அல்லாதவர் பார்த்துக்கொள்வது மட்டுமே பிணைப்பைக் கெடுத்ததாகத் தெரியவில்லை. குழந்தையின் குறிப்பறிந்து அம்மா நடந்துகொள்வதே முக்கியமாக இருந்தது. ஆகவே வேலையை விடுவதா என்பதை வீட்டு வரவு செலவையும் உங்கள் உடம்பையும் பார்த்து முடிவு செய்யுங்கள்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் யாரையும் திரும்பிப் பார்ப்பதில்லை, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுவதில்லை, பேசிய சொற்கள் குறைகின்றன என்றால் அது வேறு விஷயம். தள்ளிப்போடாமல் ஸ்டான்லி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் காட்டுங்கள்.

தீபாவளி நெருங்கினால் கடை மூட இன்னும் நேரமாகும், அவன் தூங்கியிருப்பான். எழுப்ப வேண்டாம். காலையில் அந்தக் கால் மணி நேரத்தை அரை மணி நேரமாக்குங்கள். முந்தின நாளே "நாளைக்கு நீ தூங்கினப்புறம்தான் அம்மா வருவேன், எழுந்தா பக்கத்துல இருப்பேன்" என்று சொல்லிவிடுங்கள். சொன்னபடி அவன் கண் விழிக்கும்போது பக்கத்தில் இருங்கள்.