பத்மநாபபுரம் அரண்மனை: முழங்கால் வலி உள்ள அம்மாவுடன் அரை நாளில் பார்க்க முடியுமா?

கேள்வி: கன்னியாகுமரிக்குக் குடும்பத்துடன் செல்கிறோம். பத்மநாபபுரம் அரண்மனைக்கு அரை நாள்தான் ஒதுக்க முடியும். உடன் வரும் அம்மாவுக்கு எழுபது வயது, முழங்கால் வலி உண்டு. மகன் ஐந்தாம் வகுப்பு படிக்கிறான். அரை நாள் போதுமா? அம்மாவால் சுற்றிப் பார்க்க முடியுமா? எவற்றைத் தவறவிடக் கூடாது? (வாசகி, திருச்சி)

பதில்: அரை நாள் போதும், ஆனால் அது முற்பகலாக இருக்க வேண்டும். அரண்மனை காலை 9 மணிக்குத் திறந்து, பகல் 1 மணி முதல் 2 மணி வரை இடைவேளை விட்டு, மாலை 4.30 மணியளவில் மூடப்படுகிறது. பதினொன்றரை மணிக்கு உள்ளே நுழைபவர்கள் இடைவேளைக்கு முன் முடிக்க வேண்டும் என்ற அவசரத்திலேயே பாதியைத் தவறவிடுகிறார்கள். திங்கட்கிழமை வார விடுமுறை. தேசிய விடுமுறை நாள்களிலும் திறப்பதில்லை. அரண்மனை இருப்பது தமிழ்நாட்டில், தக்கலைக்கு அருகில். ஆனால் 1956-இல் கன்னியாகுமரி மாவட்டம் நம்முடன் இணைந்த பிறகும் இதைப் பராமரித்து வருவது கேரள அரசின் தொல்லியல் துறை. ஆகவே நேரம், கட்டணம் பற்றிய ஐயங்களுக்கு அந்தத் துறையின் அறிவிப்பையே பாருங்கள். நாகர்கோவில் வடசேரியிலிருந்து திருவனந்தபுரம் சாலையில் செல்லும் பேருந்தில் தக்கலையில் இறங்கினால், அங்கிருந்து ஏறக்குறைய 2 கிலோமீட்டர், ஆட்டோ கிடைக்கும்.

அம்மாவைப் பற்றிய கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். செருப்பை வெளியே விட்டுவிட்டு வெறுங்காலுடன்தான் நடக்க வேண்டும். அதைவிடப் பெரிய சிரமம் மாடிப்படிகள். நுழைவு முகப்பான பூமுகத்தைப் பார்த்து முடித்தவுடனேயே, அதன் மேல்தளத்தில் உள்ள மந்திரசாலைக்கு (மன்னரின் ஆலோசனை மண்டபம்) செங்குத்தான, குறுகலான மரப்படிகளில் ஏற வேண்டியிருக்கிறது. பார்வையாளர்களை ஒரே திசையில் அனுப்பும் வழி என்பதால், நடுவழியில் முடியாமல் போனால் கூட்டத்துக்கு எதிராகத் திரும்பி வருவது கடினம். மேலே சென்ற பின்னும் ஏற்ற இறக்கங்களும், தலையைக் குனிந்து நுழைய வேண்டிய தாழ்ந்த நிலைவாசல்களும் தொடர்ந்து வரும். எனவே முடிவைப் பூமுகத்திலேயே எடுத்துவிடுங்கள். அம்மாவால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பத்துப் பன்னிரண்டு செங்குத்துப் படிகள் ஏற இயலாது என்றால், கீழ்த்தளத்திலேயே செல்லக்கூடிய நவராத்திரி மண்டபத்தையும் தெற்குக் கொட்டாரத்தையும் (கொட்டாரம் என்றால் அரண்மனை) காட்டும்படி அங்குள்ள பணியாளர்களிடம் தொடக்கத்திலேயே கேட்டுக்கொள்வது நல்லது. மேலே ஏறாவிட்டால் பயணம் வீண் என்று அவர் நினைக்க வேண்டியதில்லை. இந்த அரண்மனையின் மிகச் சிறந்த வேலைப்பாடுகளில் சில தரைத்தளத்தில்தான் இருக்கின்றன.

பார்க்கும் முறையைப் பற்றி ஒன்று சொல்ல விரும்புகிறேன். இங்கே வருபவர்களில் பலர் பொன்னும் பளிங்கும் எதிர்பார்த்து வந்து, ஏமாந்து, கால் மணி நேரத்தில் களைத்துவிடுகிறார்கள். இது மரத்தாலும் ஓட்டாலும் ஆன, மழை மிகுந்த வேளிமலை அடிவாரத்துக்கு ஏற்பக் கட்டப்பட்ட அரண்மனை. காட்சிப் பொருள்களை எண்ணிக்கொண்டு நடப்பதை விட்டு, ஒவ்வோர் அறையிலும் முதலில் கூரையையும் பிறகு தரையையும் பாருங்கள். பூமுகத்தின் மர விதானத்தில் ஒன்றைப்போல் மற்றொன்று இல்லாத தொண்ணூறு பூக்கள் செதுக்கப்பட்டுள்ளன. அதன் நடுவே தொங்கும் குதிரை விளக்கு, எந்தப் பக்கம் திருப்பினாலும் நிலைமாறாமல் அப்படியே நிற்கும்படி சங்கிலி அமைக்கப்பட்டது. மந்திரசாலையின் சாளரங்களில் பதித்த வண்ண மைக்காத் தகடுகளும் மரச் சட்டங்களும் வெயிலை வடிகட்டி உள்ளே விடுகின்றன. அந்த மங்கிய ஒளிக்குக் கண் பழகச் சில நிமிடங்கள் ஆகும்; பழகிய பிறகுதான் கண்ணாடிபோல் மின்னும் கருந்தரை தெரியத் தொடங்கும். சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெண்கரு, மூலிகைச் சாறு ஆகியவற்றைக் கலந்து தேய்த்து மெருகேற்றிய தரை அது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி.

வளாகத்தில் மிகப் பழமையானது, 16-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் தாய்க் கொட்டாரம். முற்றத்தைச் சுற்றி நான்கு பக்கமும் அறைகள் அமைந்த அந்த நாலுகெட்டு வீட்டில், ஒற்றைப் பலா மரத்தில் குடைந்து செதுக்கிய தூண் ஒன்று இருக்கிறது. அதன் முன் நிதானமாக நில்லுங்கள். வழிகாட்டி அவசரப்படுத்தினாலும் பரவாயில்லை. நான்கு தளங்களைக் கொண்ட உப்பரிகை மாளிகை திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மர் காலத்தது. நாட்டையே பத்மநாப சுவாமிக்கு 1750-இல் அர்ப்பணித்துவிட்டு, இறைவனின் அடியாராக ஆட்சி செய்தவர் அவர். மாளிகையின் உச்சித் தளம் இறைவனுக்கே உரியதாக விடப்பட்டு, சுவர் முழுதும் ஓவியங்கள் தீட்டப்பட்டதன் காரணமும் இதுவே. அந்தத் தளத்துக்குப் பொதுவாக அனுமதி இல்லை. அறுபத்து நான்கு வகை மூலிகை மரங்களால் ஆனதாகக் கூறப்படும் கட்டிலை மட்டும் கீழ்த்தளங்களில் பார்க்கலாம்.

நவராத்திரி மண்டபம் முழுக்கக் கருங்கல்லால் ஆனது; மரத்திலேயே மூழ்கிய கண்ணுக்கு அந்த மாற்றம் வியப்பாக இருக்கும். ஆடலரங்கை அரச குலப் பெண்கள் மறைவிலிருந்து பார்ப்பதற்கான துளைகள் கொண்ட மரத்தடுப்பைக் கவனியுங்கள். அருகில் உள்ள கோயிலின் சரசுவதி, ஆண்டுதோறும் நவராத்திரிக்காகத் திருவனந்தபுரத்துக்கு ஊர்வலமாக எழுந்தருள்கிறார். திருவிதாங்கூரின் தலைநகர் 1795-இல் இங்கிருந்து அங்கு மாறிய பிறகும் தொடரும் உறவு இது. ஊர்வலம் புறப்படும் நாளில் அரண்மனையில் மன்னரின் உடைவாள் கைமாற்றும் சடங்கு நடக்கும், கூட்டம் மிகுந்திருக்கும். அம்மாவுடன் செல்வதாக இருந்தால் அந்த நாளைத் தவிர்த்துவிடுங்கள்.

மகனுக்கு மணிமேடையின் பழைய கடிகாரமும், ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கானோர் உண்ட ஊட்டுப்புரையும், அங்கு வைத்துள்ள பெரிய சீன ஊறுகாய்ச் சாடிகளும் பிடிக்கும். படையில் சேர விரும்பிய இளைஞர்கள் தூக்கிக் காட்ட வேண்டியிருந்ததாகச் சொல்லப்படும் உருண்டைக் கல்லையும் காட்டுங்கள். நேரம் மிஞ்சினால், திரும்பும் வழியில் புலியூர்க்குறிச்சியில் உள்ள உதயகிரிக் கோட்டைக்குச் செல்லலாம். 1741-இல் குளச்சல் போரில் தோற்றுச் சிறைப்பட்டு, பின்னர் மார்த்தாண்ட வர்மரின் படைக்கே பயிற்சியளித்த டச்சுத் தளபதி டிலனாயின் கல்லறை அங்கே, இடிந்த தேவாலயம் ஒன்றினுள், தமிழிலும் இலத்தீனிலும் பொறித்த கல்வெட்டுடன் இருக்கிறது. அங்கு மாடிப்படிகள் ஏறும் தொல்லை இல்லை. ஆனால் நடக்க வேண்டிய தூரம் உண்டு என்பதால், அம்மா களைத்திருந்தால் மரநிழலில் அவரை அமர்த்திவிட்டு நீங்கள் சென்று வாருங்கள்.