கின்ஸா ரயில் படம் போலி இல்லை
டோக்கியோவின் கின்ஸா சுரங்கப்பாதை ரயிலின் கூரையில் பான்டோகிராஃப் (மேல்கம்பியிலிருந்து மின்சாரம் எடுக்கும் கை) இருக்கிறதே, படம் போலியா என்று கேட்டிருந்தீர்கள். இல்லைங்க, அது கின்ஸாவில் ஓடிய 01 வகை ரயிலேதான், ஆனால் எடுத்த இடம் தென்மேற்கு ஜப்பானின் குமமோட்டோ நகரம். 1984 முதல் 2017 வரை கின்ஸாவில் ஓடியபோது பக்கத்தில் ஓடும் மூன்றாவது, மின்சாரத் தண்டவாளத்திலிருந்து 600 வோல்ட் எடுத்ததால் கூரை மொட்டையாகவே இருந்தது. அங்கிருந்து ஓய்வுபெற்ற சில பெட்டிகளைக் குமமோட்டோ மின்சார ரயில்வே வாங்கி, இரண்டிரண்டாகக் கோத்து, மேல்கம்பிக்கு மாற்றியது. பெரிய வேலை கீழேதான்! 1435 மி.மீ. அகலப் பாதைக்கான பழைய போகிகளை (பெட்டிக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கும் சட்டங்கள்) கழற்றி, 1067 மி.மீ. அகலப் பாதைக்குக் கவாசாகியின் கார்பன் இழை போகிகளை மாட்டினார்கள். படத்தைப் பெரிதாக்கிச் சக்கரத்துக்கு மேலே பாருங்கள், சுருள்வில் இருக்காது, வளைந்த கார்பன் பட்டையே வில்லாகவும் வேலை செய்கிறது.