துக்கமும் சந்தோஷமும் ஒரே கடிதத்தில்

அன்புள்ள அண்ணனுக்கு, ஸ்தோத்திரம்.

என் கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். கடனும் ஏறிக்கொண்டே இருக்கிறது. போன மாதம் வீட்டுக்கு ஜெபிக்க வந்தவர் பிலிப்பியர் 4:4-ஐ வாசித்தார். "சந்தோஷமாயிருங்கள் என்பது கட்டளை, அழுதுகொண்டே இருப்பது அவிசுவாசம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து ஆராதனையில் வாய் திறந்து பாட முடியவில்லை. பாடினால் நடிப்பது போல இருக்கிறது. சந்தோஷம் இல்லை என்றால் என்னிடம் விசுவாசமும் இல்லையா?

ஒரு வாசகி, பாளையங்கோட்டை

அன்புள்ள சகோதரி,

இல்லை. உங்கள் கண்ணீர் அவிசுவாசம் இல்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வந்தவர் வாசித்தது, அப்போஸ்தலன் பவுல் பிலிப்பி ஊர்ச் சபைக்கு எழுதிய நிருபம், அதாவது கடிதம். அதையே இரண்டு அதிகாரம் முன்னால் திருப்பிப் பாருங்கள். பிலிப்பி சபையார் பவுலுக்கு உதவி கொடுத்து அனுப்பிய எப்பாப்பிரோதீத்து, சாகும் அளவுக்கு நோயில் விழுந்து பிழைத்திருக்கிறான். தேவன் அவனுக்கு இரங்கினார், "துக்கத்தின்மேல் துக்கம் எனக்கு உண்டாகாதபடிக்கு, எனக்கும் இரங்கினார்" என்று பவுல் எழுதுகிறார் (2:27). ஏற்கனவே ஒரு துக்கம் இருக்கிறது, இன்னொன்றைத் தாங்க முடிந்திருக்காது என்றுதானே அர்த்தம்? சந்தோஷமாயிருங்கள் என்று எழுதிய அதே ஆள்தான் இதையும் எழுதினார், அதுவும் காவலில் இருந்துகொண்டு. நண்பன் செத்துவிடுவானோ என்று பயந்ததை அவர் சபைக்கு மறைக்கவே இல்லை.

ஆபகூக் தீர்க்கதரிசியின் புத்தகத்திலும் இப்படித்தான். அத்திமரம் துளிர்க்காவிட்டாலும், தொழுவத்தில் மாடு இல்லாவிட்டாலும் கர்த்தருக்குள் மகிழ்வேன் என்கிற வசனத்தை எத்தனையோ வீட்டுச் சுவரில் பார்க்கிறோம். அதற்கு முந்தின வசனத்தை (3:16) யாரும் மாட்டி வைப்பதில்லை. படையெடுப்பு வரப்போகிறது என்று கேட்டதும் குடல் கலங்கியது, உதடு துடித்தது, நின்ற இடத்திலேயே நடுங்கினேன் என்கிறார் தீர்க்கதரிசி. நடுக்கம் நின்ற பிறகு பாடியதாக அங்கே எழுதியிருக்கவில்லை. இறந்துபோன நண்பன் லாசருவை உயிரோடு எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தும் இயேசு கல்லறைக்குப் போகும் வழியில் கண்ணீர் விட்டார். அவரைவிடப் பெரிய விசுவாசம் உங்களிடம் யாரும் கேட்க முடியாது.

அப்படியானால் அந்தச் சந்தோஷம் எதில் நிற்கிறது? பவுலுக்குத் தன் வழக்கில் விடுதலையா மரணமா என்று தெரியாது. எப்படி முடிந்தாலும் கிறிஸ்து தன் சரீரத்தில் மகிமைப்படுவார் என்கிறார் (1:20). உயிர்த்தெழுந்தவர் ஒருவர் இருக்கிறார், அவர் கையிலிருந்து என்னை யாரும் பறிக்க முடியாது, அவ்வளவுதான் அதற்கு அடிப்படை. தீர்ப்பு எப்படி வந்தாலும் அது அசையாது. சுகம் கிடைத்தே தீரும் என்று அடித்துச் சொல்லி, அதன்மேல் சந்தோஷத்தைக் கட்டச் சொல்பவர்கள்மேல் எனக்கு வருத்தம் உண்டு. அடுத்த ரத்தப் பரிசோதனை மோசமாக வந்தால் அந்த வீட்டார் எங்கே போவார்கள்? உங்கள் கணவரின் சுகத்துக்காக ஜெபியுங்கள், நானும் ஜெபிக்கிறேன். ஆனால் முடிவு தெரியும்வரை சந்தோஷம் காத்திருக்க வேண்டியதில்லை. அது இன்றே முழுசாக வந்துவிட வேண்டும் என்பதும் இல்லை. எந்த நிலையிலும் மனரம்மியமாக, அதாவது மனநிறைவோடு, இருக்கக் கற்றுக்கொண்டேன் என்றுதான் பவுலே சொல்கிறார் (4:11). கற்றுக்கொள்ள நாள் பிடிக்கும்.

இன்னொன்று. சந்தோஷமாயிருங்கள் என்று பவுல் எழுதியது ஒரு சபைக்கு. பல வருஷத்துக்கு முன் அதே பிலிப்பியில் அவரும் உடன் ஊழியர் சீலாவும் அடிபட்டு, சிறையில் கால்கள் தொழுமரம் என்கிற மரக்கட்டையில் மாட்டப்பட்டு, நடுராத்திரியில் பாடினார்கள். அன்று அவர்கள் காயத்தைக் கழுவிய சிறைக்காவலனும், வீட்டைத் திறந்து வைத்த லீதியாளும் அந்தச் சபையின் ஆரம்பக் குடும்பங்கள். இப்போது காவலில் இருக்கும் பவுலுக்கு உதவி அனுப்புவதும் அந்தச் சபைதான். அந்தக் காலத்துச் சிறையில் வெளியிலிருந்து யாராவது பார்த்துக்கொள்ளாவிட்டால் கைதி பாடு பெரும்பாடு. நீங்கள் என்னை விசாரித்தது எனக்கு மிகுந்த சந்தோஷம் என்று பவுல் நாலாம் அதிகாரத்தில் எழுதுகிறார். அவருடைய சந்தோஷத்தில் ஒரு பங்கு எப்பாப்பிரோதீத்து சுமந்து வந்தது.

உங்கள் வீட்டுக்கு வசனம் வந்திருக்கிறது, எப்பாப்பிரோதீத்து வரவில்லை. அது உங்கள் விசுவாசக் குறைவு இல்லை, சபையின் குறை. கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். இருந்தாலும் உங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் கேளுங்கள்: டயாலிசிஸ் நாளில் அந்த நாலு மணி நேரம் அவர் பக்கத்தில் உட்கார ஒரு ஆள், அன்று ராத்திரிக்கு ஒரு வேளைச் சாப்பாடு. போதகரிடமும் நேரில் சொல்லுங்கள்.

பாட முடியாத ஞாயிற்றுக்கிழமைகளில் பாட வேண்டாம். போய் உட்காருங்கள், மற்றவர்கள் உங்களுக்கும் சேர்த்துப் பாடட்டும். வீட்டில் ஜெபிக்க வார்த்தை வராவிட்டால் 88-ஆம் சங்கீதத்தைச் சத்தமாக வாசியுங்கள். கடைசி வரி வரைக்கும் இருட்டுதான். ஆனாலும் அதுவும் வேதத்தில் இருக்கிறது, கர்த்தரைப் பார்த்துத்தான் சொல்லப்படுகிறது.

உங்கள் கணவரின் பெயரை எழுதி அனுப்புங்கள். எங்கள் வீட்டுக் குடும்ப ஜெபத்தில் சேர்த்துக்கொள்கிறோம்.