தாத்தாவின் பழைய ரிவால்வரில் டிரிக்கர் இறுகிவிட்டது. நானே பிரித்துச் சுத்தம் செய்யலாமா?

பிடிப்பலகை (கைப்பிடியின் இருபுறமும் திருகி வைத்த தகடு) வரைக்கும் கழற்றுங்கள். அதற்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் போய் மாட்டிக்கொண்டவன் என்பதால் சொல்கிறேன்.

எங்களுடையதும் தாத்தா காலத்து .32 வெப்ளி ரிவால்வர்தான். களக்காட்டுப் பக்கம் வாழைத்தோட்டத்துக்கு இரவில் போகும்போது இடுப்பில் இருக்கும். வீட்டில் எல்லோருக்கும் அது 'பிஸ்டல்'. வாஞ்சிநாதன் 1911-இல் மணியாச்சியில் ஆஷைச் சுட்டாரே, அந்த பெல்ஜியம் பிரௌனிங், அதுதான் பிஸ்டல். இரண்டுக்கும் உள்ளே பொறி வேறு. பிஸ்டல் வீடியோ பார்த்துவிட்டு ரிவால்வரில் கை வைக்காதீர்கள்.

தாத்தா தவறியதும் ஸ்டேஷனில் ஒப்படைத்தோம். லைசென்ஸ் என் பெயருக்கு மாறிக் கைக்கு வந்தபோது, டிரிக்கரை இழுத்தால் பாதியில் நின்றது. விட்டால் திரும்பவில்லை, விரலால் முன்னுக்குத் தள்ள வேண்டியிருந்தது. ஸ்பிரிங் போய்விட்டது என்று நானே தீர்ப்புச் சொல்லிவிட்டேன்.

வெப்ளியின் பிடிக்குள் இரண்டாக மடித்த ஒரே பட்டை ஸ்பிரிங்தான் இரண்டு வேலையையும் செய்கிறது. மேல் கை குதிரையை இழுக்கும். கீழ்க் கை ஒரு சின்ன நெம்புகோல் வழியாக டிரிக்கரை முன்னுக்குத் தள்ளும். (நம் ஊரில் டிரிக்கரையும் குதிரை என்பார்கள். நான் சொல்வது பின்பக்கம் மேலே நிற்கிறதே, தோட்டாவை அடிப்பது, அதை.) ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் குதிரையும் சோம்பியிருக்க வேண்டும். கட்டைவிரலால் இழுத்தபோது அது நல்ல வீம்போடு எதிர்த்தது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

உறைக்கவில்லை. வீட்டிலிருந்த திருப்புளியை எடுத்து டிரிக்கர் அச்சுத் திருகில் வைத்தேன். பழைய திருகுகளின் தலை வெட்டு மிக ஒடுக்கம். கடைத் திருப்புளியின் நுனி ஆப்பு போலச் சரிந்திருப்பதால் அடிவரை இறங்காது. ஒரே திருப்பு. நழுவி, திருகுத்தலை சிதைந்து, நீலப்பூச்சின் மேல் ஒரு கோடு. அந்தக் கோடு இன்றும் இருக்கிறது.

அப்புறம்தான் லைசென்ஸ் பெற்ற ரிப்பேர்க் கடைக்குப் போனேன். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி பழுதுபார்க்கவே தனி லைசென்ஸ் வேண்டும் என்பதே அங்கேதான் தெரிந்தது. கடைக்காரப் பெரியவர் மோந்து பார்த்துவிட்டு, "தம்பி, இதுல என்ன எண்ணெய் விட்டிய?" என்றார்.

"நல்லெண்ணெய். தாத்தா எப்பவும் அதான் விடுவாங்க."

"அதான பார்த்தேன்."

நல்லெண்ணெய் காற்றுப்பட்டு நாளாக ஆகப் பிசினாகிவிடும். பாகங்களை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுப் பழைய பல் பிரஷால் தேய்த்தார். கருப்பட்டிப் பாகு நிறத்தில் வழிந்தது. உடைந்ததோ தேய்ந்ததோ ஒன்றுகூட இல்லை.

டிரிக்கரைக் கொஞ்சம் லேசாக்கித் தரச் சொன்னேன். முடியாது என்றுவிட்டார். குதிரையின் அடியில் ஒரு காடி உண்டு; குதிரையை இழுத்து நிறுத்தும்போது டிரிக்கரின் நுனி அதில்தான் உட்காரும். பழைய பாகங்களில் பெரும்பாலும் மேல்தோல் மட்டும்தான் கெட்டிப்படுத்திய இரும்பு. டிரிக்கரை லேசாக்க அந்தக் காடியில் அரம் போட்டால் அந்தத் தோல் போய்விடும், உள்ளே மிருது. கொஞ்ச நாளில் காடியின் விளிம்பு மழுங்கி, நிறுத்திய குதிரை லேசாகக் கை பட்டாலே விழும்.

சரி, நீங்கள் செய்யக்கூடியது: முதலில் துப்பாக்கியை மடித்துத் திறந்து தோட்டா போடும் ஆறு குழியும் காலியா என்று விரலை விட்டே பாருங்கள். நீங்கள் வேலை செய்யும் அறையிலேயே தோட்டாக்கள் இருக்க வேண்டாம். குதிரை கீழே இறங்கியிருக்கட்டும். வெட்டுக்குச் சரியாகப் பொருந்தும் திருப்புளியால் பிடிப்பலகையைக் கழற்றினால் ஸ்பிரிங் தெரியும், அதைத் தொடாதீர்கள். உலர்ந்த பிரஷால் தூசியைத் தட்டிவிட்டு, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு, ஒரே சொட்டு, அச்சுகளில் விடுங்கள். பத்து நிமிடம் கழித்தும் டிரிக்கர் திரும்பவில்லையென்றால் கடைக்குத்தான்.

தேர்தல் நேரத்தில் ஸ்டேஷனில் ஒப்படைக்கும்போதும் கவனம். நான் முதல் முறை தாத்தாவின் தோலுறையோடு கொடுத்தேன். திரும்பி வந்தபோது தோல் பட்ட இடத்தில் மட்டும் உறை வடிவத்திலேயே துரு. தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். இப்போது எண்ணெய் தொட்ட பழைய வேட்டித் துணியில் சுற்றிக் கொடுக்கிறேன். உறை வீட்டு ஆணியிலேயே தொங்குகிறது.