நயாகரா ஒன் த லேக்: கோடை தவிர்ந்த மாதங்களில் பார்க்க என்ன இருக்கிறது?

இப்படி நீங்கள் கேட்டிருப்பதைப் பார்த்தால், ஊரிலிருந்து வரும் உறவினர்களை டொரொண்டோவின் ஸ்காபரோவில் காரில் ஏற்றி, நயாகரா நீர்வீழ்ச்சியைக் காட்டி, திரும்பும் வழியில் ஒன்டாரியோ ஏரிக்கரையில் உள்ள இந்தச் சிற்றூரில் அரை மணி நேரம் ஐஸ்கிரீமுக்காக நிறுத்துபவர் என்று ஊகிக்கிறேன். நானும் பல ஆண்டுகள் அதையேதான் செய்தேன். ஆகையால் இதைக் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஒரு ஜனவரியில் பெரியப்பாவை அழைத்துச் சென்ற பிறகுதான் என் எண்ணம் மாறியது. அவர் யாழ்ப்பாணத்து உரும்பிராயில் பந்தல் போட்டுத் திராட்சை வளர்த்தவர். பனி மூடிய தோட்டத்தில், வலைக்குள் சுருங்கித் தொங்கிய குலைகளைக் கண்டதும் காரை நிறுத்தச் சொல்லி, "பழம் முழுக்க அழிஞ்சு போகுது, பறிக்க ஆளில்லையோ?" என்று கோபப்பட்டார். குளிர் சுழியத்துக்குக் கீழே 8 பாகைக்காவது இறங்கிய பின்பே ஐஸ்வைன் என்ற இனிப்பு மதுவுக்குப் பறிப்பார்கள் என்றும், நீர் உறைந்த நிலையில் பிழிவதால் இனிப்பு மிகுந்த சிறிதளவு சாறு மட்டுமே வரும் என்றும், வலை பறவைகளுக்காக என்றும் நான் விளக்கினேன். வேலியோரம் விழுந்து கிடந்த ஒரு பழத்தை எடுத்து, போளை (கோலிக்குண்டு) போல் இருந்த அதைக் கையுறையைக் கழற்றி உள்ளங்கையில் வைத்து அது இளகும்வரை காத்திருந்தார். (நான் மது அருந்துவதில்லை, மதுவுக்கு விளம்பரம் செய்கிறேன் என்று யாரும் பின்னூட்டம் இட வேண்டாம்.)

1792இல் மேல் கனடாவின் (இன்றைய ஒன்டாரியோவின் பழைய வடிவம்) முதல் சட்டமன்றம் கூடிய ஊர் இது. பிரித்தானியருக்கும் அமெரிக்கருக்கும் நடந்த போரில், 1813 டிசம்பரில் பின்வாங்கிய அமெரிக்கப் படை வீடுகளைக் கொளுத்தி மக்களைப் பனியில் விட்டுச் சென்ற கதையையும் அன்று சொன்னேன். பெரியப்பா ஒன்றும் பேசாமல் ஆற்றின் மறுகரையில் தெரிந்த அமெரிக்கக் கோட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அதன்பின் அவருக்குச் செய்தி சொல்வதற்காகவே பருவந்தோறும் போய் வருகிறேன். மே மாதத்தில் பீச் மரங்கள் இளஞ்சிவப்பாகப் பூக்கும். ஜூலையில் செரி, ஆகஸ்டில் பீச் ஆகியவற்றைச் சாலையோரக் கடைகளில் கூடையாக வாங்கலாம். ஏரியின் வெதுவெதுப்பு உறைபனியைத் தள்ளி வைப்பதால்தான் இவ்வளவு வடக்கே அவை விளைகின்றன. அக்டோபரில் ஆற்றோரச் சாலை முழுவதும் இலைகள் நிறம் மாறியிருக்கும். இங்கு நடக்கும் ஷா நாடக விழாவுக்காகப் போவதென்றால் மட்டும் கடுங்குளிர் மாதங்களைத் தவிருங்கள். கோடை வார இறுதியில் குயின் வீதியில் கார் நிறுத்த இடம் தேடியே எனக்கு முக்கால் மணி நேரம் போயிருக்கிறது. அந்தக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டு "ஊர் ஒன்றுமில்லை" என்று தீர்ப்புச் சொல்பவர்களிடம் எனக்கு உண்மையிலேயே எரிச்சல் உண்டு.

சென்ற டிசம்பரில் வலைகளைப் படமெடுத்து அனுப்பினேன். இரண்டே நிமிடத்தில் உரும்பிராயிலிருந்து அழைப்பு வந்தது: "இன்னும் எட்டுக்கு இறங்கேல்லையோ?"