மகள் மந்திரம் படிக்கப் போகிறாளா?

கேள்வி (சிங்கப்பூர், ஈசூன் வாசகி): மகள் இங்கே வரலாற்றில் பட்டம் வாங்கிவிட்டாள். மேற்படிப்புக்கு ஆம்ஸ்டர்டாம் போய் 'மேற்கத்திய மறைஞானம்' படிக்கப் போகிறாளாம். சோதிடம், ரசவாதம், மந்திரம் எல்லாம் அதில் வருமாம். இதெல்லாம் ஒரு படிப்பா? சொந்தக்காரர்கள் கேட்டால் என்ன சொல்ல?

பதில்: அம்மா, பயப்படாதீர்கள், மந்திரம் போட்டவர்களின் வரலாற்றைத்தான் படிக்கப் போகிறார். தேக்கா பக்கம் கிளி சோதிடரிடம் உட்கார்ந்து சீட்டு பலிக்குமா என்று கேட்கிறோம் இல்லையா, ஆய்வாளர் அதைக் கேட்க மாட்டார். அந்தச் சீட்டில் எந்தச் சாமி படம், வழக்கம் எந்த ஊரிலிருந்து கப்பலேறி வந்தது, யார் யார் வந்து உட்காருகிறார்கள் என்றுதான் விசாரிப்பார்.

ஒரு கதை சொல்கிறேன். 1463இல் ஃபிளாரன்ஸில் மார்சிலியோ ஃபிசினோ என்ற அறிஞர் பிளேட்டோவை லத்தீனில் மொழிபெயர்க்க இருந்தார். அவரை ஆதரித்த பெருந்தனக்காரர் கோசிமோ டி மெடிச்சி, அதை நிறுத்திவிட்டு முதலில் ஹெர்மெஸின் சுவடிகளைச் செய்யச் சொன்னார். வயதாகிவிட்டது, சாவதற்குள் படிக்க வேண்டும் என்ற அவசரம். அந்த ஹெர்மெஸ் மோசே காலத்து எகிப்திய ஞானி என்று அன்று நம்பினார்கள். 1614இல் ஐசக் கசோபன் என்ற மொழியறிஞர் அந்தச் சுவடிகளின் கிரேக்க நடையைத் துருவிப் பார்த்து, இது கிறிஸ்துவுக்குப் பிந்தையது என்று காட்டிவிட்டார். ஆனால் அதற்குள் நூற்றைம்பது வருடம் ஐரோப்பா அதை நம்பி என்னவெல்லாமோ எழுதிவிட்டதே, அதை யார் படிப்பது?

யாரும் படிக்கவில்லை, ரொம்ப நாள். ஏன் என்று கேட்டவர்களில் முக்கியமானவர் வௌட்டர் ஹனெகிராஃப். ஆம்ஸ்டர்டாமில் 1999இல் இதற்கென்றே உருவான பேராசிரியர் பதவிக்கு வந்தவர். சீர்திருத்தக் கிறிஸ்தவர்களும் பின்னால் வந்த பகுத்தறிவுக்காரர்களும் தங்களுக்கு ஆகாததை எல்லாம் ஒரே கூடையில் போட்டு மூடிவிட்டார்கள், அந்தக் கூடைக்குத்தான் இன்று 'மேற்கத்திய மறைஞானம்' என்று பெயர் என்கிறார். 2012இல் வந்த அவர் புத்தகமே 'ஒதுக்கப்பட்ட அறிவு' பற்றியது. எனக்கு இது சரியாகத்தான் படுகிறது. நியூட்டனையே பாருங்களேன், அவர் எழுதிக் குவித்த ரசவாதக் குறிப்புகள் சீண்டுவாரில்லாமல் கிடந்து, 1936இல் லண்டனில் ஏலத்துக்கு வந்தன. பொருளியல் மேதை கெயின்ஸ் அதில் நிறைய வாங்கிச் சேர்த்தார்.

சொந்தக்காரர்களிடம் "ஐரோப்பிய வரலாறு படிக்கிறாள்" என்று சொல்லுங்கள், பொய்யில்லை. மகளிடம் மட்டும் உபகாரச் சம்பளம் கிடைக்குமா, திரும்பி வந்தால் என்ன வேலை என்று கேட்டுவிடுங்கள். லத்தீன் படிக்கத் தயாரா என்றும் கேளுங்கள், பாதிப் பேர் அங்கேதான் ஓடிவிடுவார்கள்.

கேள்வி (உட்லண்ட்ஸ் வாசகர்): நம் சித்தர்களும்தான் ரசவாதம் பேசினார்கள், அவர்களையும் இதில் சேர்ப்பார்களா?

பதில்: பெரும்பாலும் இல்லை. ஐரோப்பா மூடிய கூடையில் சித்தர்கள் இல்லையே. ஆனால் 'மேற்கத்திய' என்ற அடைமொழி தேவையா என்று ஆய்வாளர்களுக்குள்ளேயே இப்போது சண்டை, காரணம் நம்மூர் பக்கமும் இருக்கிறது: 1875இல் நியூயார்க்கில் பிளவாட்ஸ்கியும் ஆல்காட்டும் தொடங்கிய மறைஞான அமைப்பான பிரம்ம ஞான சபை (தியோசாபிகல் சொசைட்டி), 1882இல் அடையாறில் இடம் வாங்கி அங்கேயே குடியேறிவிட்டது. அப்புறம் அதை மேற்கத்தியது என்று மட்டும் எப்படிச் சொல்வது? சென்னை போகும்போது அடையாறு ஆலமரத்தைப் பார்த்துவிட்டு வருகிறோமே, அது அவர்கள் தோட்டத்து மரம்தான்.